சர்வர் சாமியல்ல, காரணம் கேட்போம்!

நாட்டிலே இன்று மிகுதியாக ஓதப்படும் மந்திரம் எது என்று யாராவது நம்மைக் கேட்டால், தயக்கமின்றிச் சொல்வோம்: 'சர்வர் டவுன்!' ரேஷன் கடையிலே அது ஒலிக்கிறது. வங்கியிலே ஒலிக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்திலே, இ-சேவை மையத்திலே, மருத்துவமனையில் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலிலே ஒலிக்கிறது. அந்த இரண்டு சொற்கள் காதிலே விழுந்ததும் வரிசையில் நிற்பவர் வாயடைத்துப் போகிறார். ஏன் என்ற கேள்வி இல்லை. எப்போது சரியாகும் என்று கேட்டால், ஜன்னலுக்கு அப்பால் இருப்பவர் மேலே கையைக் காட்டுகிறார். மேலே யார்? அதிகாரியா, ஆண்டவனா? அவருக்கும் தெரியாது!

மழை பொய்த்தால் வருணன் கோபம், அம்மை வந்தால் ஆத்தாள் கோபம் என்று சொல்லி, காரணம் கேட்க வேண்டிய மக்களைக் கன்னத்திலே போட்டுக்கொள்ள வைத்த காலம் ஒன்று இருந்தது. அந்த அம்மைக்கு எட்வர்ட் ஜென்னர் 1796இல் தடுப்பு முறை கண்டார். 1980இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை உலகை விட்டே ஒழிந்தது என்று அறிவித்தது. ஆத்தாள் கோபம் தணிந்ததால் ஒழியவில்லை. காரணத்தைத் தேடிக் கண்டதால் ஒழிந்தது. இவ்வளவும் நடந்த பின்னர், மனிதனே செய்து, மனிதனே மின்சாரம் கொடுத்து, மனிதனே கட்டளையிட்டு இயக்கும் ஒரு பெட்டி அடிக்கடி உறைந்து போகிறது, இணைப்பை இழக்கிறது என்றால், அதற்கு மட்டும் காரணம் கேட்கக் கூடாதா? சர்வர் என்ன, கருவறைக்குள் இருக்கும் சாமியா?

சர்வர் என்பது மற்றக் கணிப்பொறிகள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் ஒரு கணிப்பொறி, அவ்வளவுதான். ரேஷன் கடையிலே பாட்டி ஒருத்தி விரலை வைக்கிறாள். கடையிலுள்ள சிறு இயந்திரம் அந்த ரேகையைக் கைபேசிக் கம்பெனியின் அலைவழியே அனுப்புகிறது. அது உணவுத் துறையின் கணிப்பொறிக்குப் போய், அங்கிருந்து ஆதார் ஆணையத்தின் தரவு மையத்தைத் தேடிப் போகிறது. அந்த மையங்கள் இருப்பது பெங்களூரிலும், டில்லியை அடுத்த மானேசரிலும்! 'ஆம், இவள் இவளேதான்' என்று அங்கிருந்து பதில் வந்தால்தான் இங்கே அரிசி அளக்கப்படும். தமிழ்நாட்டிலே 2020 அக்டோபரில் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள், 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள்! பக்கத்துத் தெருவிலே பிறந்து, பக்கத்துத் தெருவிலே வாழ்ந்து, விற்பனையாளர் பெயர் சொல்லி அழைக்கும் அந்தப் பாட்டியை, பாட்டிதான் என்று சொல்ல மானேசர் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி உறைந்தாலும் அன்றைக்கு உலையிலே அரிசி விழாது. ஆகவேதான் இதை ஏதோ எஞ்சினியர்கள் விவகாரம் என்று தள்ளிவிடாமல், அடுப்பெரிக்கும் வீட்டு விவகாரமாக எடுத்துப் பேசுகிறோம்.

உறைந்து போன சர்வருக்கு நம் அலுவலகங்களிலே செய்யப்படும் வைத்தியம் என்ன? அணைத்துப் போடுவது! ஒருவர் ஓடுகிறார், பொத்தானை அழுத்துகிறார், பெட்டி மறுபடியும் உயிர் பெறுகிறது, எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். மறுநாள் அதே நேரம், அதே உறைவு, அதே பொத்தான். ஆயுத பூஜையன்று அந்தப் பெட்டிக்குச் சந்தனப் பொட்டும் எலுமிச்சம் பழமும் உண்டு. ஆனால் ஆண்டு முழுவதும் அதன் விசிறியிலே படிந்த தூசியைத் துடைக்க ஆள் கிடையாது. பேய் பிடித்தவனை வேப்பிலையால் அடித்தால் சற்று நேரம் அடங்குவான். அதனால் வேப்பிலை மருந்தாகிவிடுமா? மறுதொடக்கம் நோயை அடக்குகிறது. கூடவே, நோய்க்குச் சாட்சியாக இருந்த தடயத்தையும் துடைத்து எறிகிறது.

அணைத்துப் போடும் வைத்தியத்தை நம்பி நாடுகள் கொடுத்த விலையைப் பாருங்கள். 1991 பிப்ரவரி 25. சவூதி அரேபியாவிலே தகரான் நகரம். அங்கே அமெரிக்கப் படையின் பேட்ரியட் ஏவுகணைத் தளம் ஒன்று 100 மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கணிப்பொறி காலத்தைக் கணக்கிடுவதிலே மிகச் சிறிய பிழை இருந்தது. ஓட ஓட அந்தப் பிழை கூடிக்கொண்டே போயிற்று. 100 மணி நேரத்தில் ஏறத்தாழ 0.34 விநாடி. கால் விநாடிக்குச் சற்று அதிகம். அது ஒரு கணக்கா என்று கேட்கலாம். அந்த நேரத்துக்குள் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும்! தளம் தவறான இடத்திலே தேடிக்கொண்டிருக்க, ஏவுகணை படை வீரர் விடுதியிலே விழுந்தது. 28 பேர் மாண்டனர். நெடுநேரம் ஓடினால் குறி தவறும் என்று சில நாட்களுக்கு முன்பே தளங்களுக்குச் செய்தி போயிருந்தது. ஆனால் 'நெடுநேரம்' என்றால் எத்தனை மணி நேரம்? அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிழை திருத்திய மென்பொருள் தகரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், பிப்ரவரி 26ஆம் தேதி!

இன்னொன்று. 2004 செப்டம்பர் 14. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்து வானத்தை ஆளும் பாம்டேல் கட்டுப்பாட்டு நிலையம். மாலை நேரத்திலே அந்த நிலையத்தின் குரல் தொடர்பு அமைப்பு திடீரென்று ஊமையாகிப் போயிற்று. மாற்றுக்கென்று வைத்திருந்த அமைப்பும் கை கொடுக்கவில்லை. வானத்திலே நூற்றுக்கணக்கான விமானங்கள். கீழே அவற்றோடு பேச முடியாத அதிகாரிகள்! மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்பு சீராகவில்லை. விமானங்கள் மோதவில்லை என்றால், விமானிகளின் விழிப்பும் விமானங்களிலேயே இருந்த மோதல் எச்சரிக்கைக் கருவிகளும் அதற்குக் காரணம்.

ஏன் ஊமையாயிற்று? அந்தக் கணிப்பொறியின் உள்ளே ஒரு கடிகை, மில்லி விநாடிகளை எண்ணிக்கொண்டே இருந்தது. அதற்கு ஒதுக்கிய இடத்திலே 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 வரைதான் எண்ண முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 49 நாளும் ஏறத்தாழ 17 மணி நேரமும். எண்ணிக்கை தீர்ந்தது, அமைப்பு நின்றது. இது முன்பே தெரியாதா? தெரியும்! தெரிந்து என்ன செய்தார்கள்? 30 நாளைக்கு ஒரு முறை அணைத்துப் போட வேண்டும் என்று ஒரு விதி எழுதி வைத்தார்கள். ஒரு மாதம் அந்தச் சடங்கு தவறிப் போயிற்று, வானமே ஊமையாயிற்று. பிறகு பழி யார் தலையிலே விழுந்தது? அணைத்துப் போட மறந்த ஊழியர் தலையிலே! 'மனிதத் தவறு' என்று பெயரும் சூட்டப்பட்டது. மறதி மனித இயல்பு என்று தெரிந்தும், மறக்காத மனிதனை நம்பி ஓர் அமைப்பைக் கட்டியவருடைய தவறுக்கு என்ன பெயர்? அதை யாரும் கேட்கவில்லை.

காரணம் கண்டுபிடிப்பது என்ன, மலையைப் புரட்டும் காரியமா? அல்ல. 1854இல் இலண்டன் நகரத்து பிராட் தெருவிலே காலரா கொள்ளை கொண்டபோது, கெட்ட காற்றுத்தான் காரணம் என்று பெரியவர்களெல்லாம் பேசினர். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் தெருத் தெருவாகப் போய், செத்தவர் எந்த வீடு, எந்தக் குழாயிலே தண்ணீர் எடுத்தார் என்று கேட்டார். விடை ஒரே தண்ணீர்க் குழாயிலே வந்து நின்றது. எங்கே, எப்போது, எதற்குப் பிறகு? இந்தக் கேள்விகளே அவருடைய கருவி. உறைந்த சர்வருக்கும் அவையே கருவி.

முதற் கேள்வி: செத்துவிட்டதா, பேச்சு மட்டும் நின்றதா? இரண்டும் ஒன்றல்ல. தொலைவிலே இருப்பவருக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும், பதில் வராது. ஆகவே பெட்டியின் அருகிலேயே போய், அதன் திரையையும் விசைப்பலகையையும் பார்க்க வேண்டும். விசைப்பலகையில் எண் பூட்டு விசையை அழுத்தினால் விளக்கு எரிந்து அணைகிறதா? அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, இணைப்பிலே கோளாறு இருக்கலாம். விளக்கும் அசையவில்லை, திரையும் அசையவில்லை என்றால் பெட்டி முழுவதும் உறைந்திருக்கிறது என்று ஐயப்படலாம். இந்த ஒரு சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். அதைச் செய்யாமல் பொத்தானை அழுத்துவோர், நாடி பார்க்காமல் பாடை கட்டுவோருக்கு ஒப்பானவர்!

இரண்டாம் கேள்வி: எப்போது? நாள்தோறும் ஒரே நேரத்தில் உறைந்தால், அந்த நேரத்துக்கென்று வைத்த வேலை ஒன்றிருக்கும். இரவிலே எடுக்கும் நகல், கணக்கு முடிக்கும் நிரல் போன்றவற்றைத் தேட வேண்டும். ஒரே இடைவெளியிலே இணைப்பு அறுந்தால், முகவரி வாடகைக்குக் கொடுக்கும் கருவியைப் பார்க்க வேண்டும்; தவணை முடிந்ததும் புதுப்பிக்கப்படாமல் போயிருக்கும். உச்சி வெயிலிலே உறைந்தால் சூடு, தூசி, விசிறி. கூட்டம் கூடும் நேரத்திலே உறைந்தால் நினைவகப் பற்றாக்குறை. வேலையே இல்லாத நள்ளிரவிலே உறைந்தாலும் வியப்பில்லை. 2017இல் வெளிவந்த ரைசன் முதல் தலைமுறைச் சிப்புகள் சிலவற்றிலே, லினக்ஸ் ஓடும்போது, சும்மா இருக்கையிலேயே உறைந்து போகும் கோளாறு இருந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆழ்ந்து உறங்கும் ஏற்பாடுதான் அதற்குக் காரணம். உறங்கியது விழிக்கவில்லை!

மூன்றாம் கேள்வி: சாகுமுன் என்ன சொல்லிற்று? ஒவ்வொரு சர்வரும் நாட்குறிப்பு எழுதுகிறது. நினைவகம் தீர்ந்து போய் ஒரு நிரலைத் தானே கொன்றால் அதை எழுதி வைக்கிறது. வட்டு பதில் சொல்லாமல், ஒரு வேலை 120 விநாடிக்கு மேல் முடங்கிக் கிடந்தால் லினக்ஸ் அதையும் எழுதி வைக்கிறது. நெட்வொர்க் அட்டை அனுப்ப வேண்டியதை அனுப்பாமல் அடைத்துக்கொண்டால் அதுவும் பதிவாகிறது. இன்டெல் அட்டைகள் சிலவற்றிலே இந்த அடைப்பு நெடுநாளாக அறிந்த நோய். அட்டையிடம் ஒப்படைத்த வேலைகளில் சிலவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் அடங்குகிறது. எதுவுமே எழுதாமல் நாட்குறிப்பு நடுவரியிலே நின்று போனால், அதுவும் ஒரு சாட்சியே: மின்சாரம், நினைவகம், பலகை ஆகியவற்றின் பக்கம் பாருங்கள் என்கிறது. உறைந்த பெட்டி தன் வட்டிலே எழுத முடியாமல் போகலாம் ஆகையால், நாட்குறிப்பின் படியொன்று உடனுக்குடன் இன்னொரு பெட்டிக்குப் போகுமாறு செய்ய வேண்டும். இதற்குக் காசும் வேண்டாம். ஏற்பாடு ஒன்றே வேண்டும்.

நான்காம் கேள்வி: எதை மாற்றினோம், எது மாறிற்று? ஒரே நேரத்திலே கம்பியையும் மாற்றி, அட்டையையும் மாற்றி, மென்பொருளையும் புதுப்பித்துவிட்டு, 'சரியாகிவிட்டது' என்று சொல்பவர், ஒன்பது மருந்தைக் கலந்து கொடுத்த வைத்தியர். எது குணப்படுத்தியது என்று அவருக்கே தெரியாது. நோய் திரும்பினால் ஒன்பதையும் மறுபடி கொடுப்பார். ஒரு முறைக்கு ஒன்று. முதலிலே கம்பி, பிறகு கம்பி செருகும் துளை, பிறகு அட்டை. ஒரே முகவரியை இரண்டு பெட்டிகளுக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரே தெருவிலே இரண்டு வீட்டுக்கு ஒரே கதவிலக்கம் இருந்தால் தபால்காரர் பாவம், என்ன செய்வார்? ஓர் இரவு முழுவதும் நினைவகச் சோதனையை ஓட விடுங்கள். வட்டு தன் உடல்நலம் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை: இதே நோய் வேறெங்காவது வந்திருக்கிறதா? 2019 நவம்பரில் எச்.பி.இ. நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அது விற்ற வட்டுகளிலே சில வகைகள், மின்சாரம் கொடுத்து 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் கடந்ததும், ஒரேயடியாகச் செத்துப் போகும். உள்ளிருக்கும் தரவு மீளாது என்று அதிலே கண்டிருந்தது. எண்ணிக்கைக்கு ஒதுக்கிய இடம் போதாமல் வந்த வினை! ஒன்று கெட்டால் மற்றொன்று காப்பாற்றும் என்று நான்கு வட்டுகளை ஒரே நாளில் வாங்கிப் பூட்டியவரின் கதி என்ன? நான்கும் ஒரே நாழிகையிலே சாகும். அந்த எச்சரிக்கையைப் படித்துப் புது நிரல் ஏற்றியவர் தப்பினார். படிக்காதவர், 'கெட்ட நேரம்' என்று நெற்றியிலே அடித்துக்கொண்டிருப்பார். கெட்டது நேரமல்ல, நேரத்தை எண்ணிய கணக்கு!

இவ்வளவு எளிய கேள்விகளை ஏன் கேட்பதில்லை? எஞ்சினியர்களுக்கு அறிவில்லையா? இருக்கிறது. கேட்க அவர்களுக்கு நேரமும் அதிகாரமும் கொடுக்கப்படவில்லை என்பதுதான் உண்மை. குறைந்த விலை சொன்னவருக்கு ஒப்பந்தம். அவர் இன்னொருவருக்கு உள்ஒப்பந்தம். அந்த இன்னொருவர் மாதச் சம்பளத்துக்கு வைத்த இளைஞர் ஒருவர், நான்கு ஊர்ச் சர்வர்களுக்கும் பொறுப்பு. அவருக்கு இட்ட கட்டளை 'காரணம் கண்டுபிடி' என்பதல்ல. 'உடனே ஓடவை' என்பது. ஓடவைத்தால் புகார் மூடப்படும். மூடிய புகார்களின் எண்ணிக்கையைக் காட்டினால் பணம் வரும். ஒரே நோய்க்கு முப்பது முறை புகார் எழுதி, முப்பது முறை மூடினால் முப்பது வெற்றி! காரணத்தைக் கண்டு ஒரே முறையில் தீர்த்தால் ஒரே ஒரு வெற்றி. எது இலாபம்? நோயாளி குணமாகாமல் இருப்பதே இலாபமாகிவிட்ட மருத்துவமனையிலே மருந்தை எதிர்பார்க்க முடியுமா?

'நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் சர்வர் ஓடுகிறது. இன்னும் என்ன வேண்டும்?' என்று கேட்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதிலே நூற்றில் ஒரு பங்கு 87 மணி நேரத்துக்கு மேல். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 11 நாட்கள்! நள்ளிரவு இரண்டு மணிக்கு நின்றாலும் ஒரு மணிதான். மாத முதல் வாரத்திலே, ரேஷன் கடை வாசலில் கூட்டம் நெரியும் முற்பகல் பத்து மணிக்கு நின்றாலும் ஒரு மணிதான். விழுக்காட்டுக் கணக்குக்கு இந்த வேறுபாடு தெரியாது. அன்றைக் கூலியை விட்டுவிட்டு வரிசையிலே நிற்கும் சித்தாளுக்குத் தெரியும். ஒரு நாள் வந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போயிற்று. மறுநாளும் வந்து திரும்பினால் இரண்டு நாள் கூலி போயிற்று. சர்வர் நின்றதற்குச் சர்க்கார் கணக்கிலே நட்டம் எழுதப்படுவதில்லை. அது அவள் மடியிலே எழுதப்படுகிறது.

மற்றோர் அநீதியும் உண்டு. உறைந்தது எங்கோ தொலைவிலுள்ள பெட்டி. வசவு வாங்குவது கடையிலே நிற்கும் விற்பனையாளர். மக்களின் கோபத்துக்கும் மேலதிகாரியின் மிரட்டலுக்கும் இடையிலே அவர் அரைபடுகிறார். இருப்பும் கணக்கும் ஒத்துப் போகவில்லை என்றால் அவர் திருடர் என்று பெயர் பெறுகிறார். இது வெறும் கற்பனை அச்சமல்ல. பிரிட்டன் அஞ்சல் துறையிலே 1999 முதல் ஹொரைசன் என்ற கணிப்பொறி அமைப்பைக் கொண்டுவந்தார்கள். அது கணக்கிலே காட்டிய துண்டுக்காக, அஞ்சலகம் நடத்தி வந்த எளிய மனிதர்கள் மீது திருட்டு வழக்கு, பொய்க் கணக்கு வழக்கு! 2015 வரையில் தண்டிக்கப்பட்டோர் 900 பேருக்கும் மேல். 'கணிப்பொறி பொய் சொல்லாது' என்றார்கள். அந்த அமைப்பிலே பிழைகளும் குறைகளும் இருந்தன என்று 2019இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களது தண்டனைகளை நீக்க 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அதற்குள் சிலர் சிறை கண்டனர். சிலர் செத்தே போயினர். எந்திரம் சொன்னதை வேதவாக்கு என்று கொள்ளும் மூடத்தனமும், பழைய மூடத்தனங்களைப் போலவே, எளியவனைத்தான் பலி கேட்கிறது.

நம்மை மறுக்க வருவோர் ஒரு கேள்வி எழுப்பலாம்: 'வரிசையிலே நூறு பேர் நிற்கிறார்கள். அவர்களை நிறுத்தி வைத்துவிட்டு ஆராய்ச்சி நடத்தச் சொல்கிறீர்களா? அணைத்துப் போட்டால் இரண்டு நிமிடத்திலே அரிசி கிடைக்குமே!' நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டோம். அணைத்துப் போட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்கு முன்பு திரையிலே உள்ளதைப் படம் எடுங்கள், நேரத்தைக் குறியுங்கள், நினைவகத்தின் நிலையைப் படியெடுத்து வையுங்கள், பிறகு போடுங்கள். இரத்தப் போக்கை நிறுத்தக் கட்டுப் போடுவது சரி. கட்டுப் போட்டதோடு வைத்தியம் முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்புவதைத்தான் எதிர்க்கிறோம்.

'பெரிய கம்பெனிகளுக்கே இது நேர்கிறதே' என்றும் சொல்வார்கள். ஆம், நேர்கிறது. 2024 ஜூலை 19ஆம் நாள் கிரௌட்ஸ்ட்ரைக் என்னும் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின, விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திகைத்தன. ஆனால் அடுத்த மாதமே, எந்தக் கோப்பு, எந்தப் பிழை, எந்தச் சோதனை தவறிற்று என்று அந்த நிறுவனம் காரண அறிக்கை வெளியிட்டது. வெளியிடாமல் இருந்தால் வாடிக்கையாளர் விட மாட்டார், ஆகவே வெளியிட்டது. நம் நாட்டிலே பொது மக்களின் வரிப்பணத்தில் ஓடும் சர்வர்களுக்கு வாடிக்கையாளர் யார்? நாம்தான்! பணம் கொடுத்த கம்பெனிக்காரனுக்குச் சொல்ல வேண்டிய பதில், வரி கொடுத்த குடிமகனுக்கு மட்டும் சொல்ல வேண்டாமா?

ஆகவே, மத்திய சர்க்காரானாலும் மாநில சர்க்காரானாலும், நாம் கேட்பது இதுதான்.

முதலாவது, சர்வர் உறைந்தால் மக்கள் வயிறு காயக் கூடாது. இணைப்பு இல்லை, ரேகை பதியவில்லை என்பதற்காக யாருக்கும் உணவுப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறையே 2017 அக்டோபர் 24ஆம் தேதி மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கடிதம் டில்லிக் கோப்பிலே தூங்க வேண்டாம். ஒவ்வொரு கடை வாசலிலும் தமிழிலே பெரிய எழுத்தில் தொங்கட்டும். கடையிலே ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் இருக்கட்டும். அவை உறைவதில்லை.

இரண்டாவது, நின்ற ஒவ்வொரு முறைக்கும் காரணம் வெளியிடப்பட வேண்டும். எப்போது நின்றது, எதனால் நின்றது, மறுபடி நிற்காமலிருக்க என்ன செய்தோம் என்ற மூன்று வரிகள் போதும். 'தொழில்நுட்பக் கோளாறு' என்பது காரணமல்ல. 'காய்ச்சலால் உடம்பு சுடுகிறது' என்பது போன்ற பேச்சு.

மூன்றாவது, சர்வரின் நாட்குறிப்பு அரசின் சொத்து. அது ஒப்பந்தக்காரரின் பெட்டியிலே மட்டும் இருக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவன் கையிலேயே குற்றப் பதிவேட்டைக் கொடுத்து வைப்பது எந்த ஊர் நியாயம்?

நான்காவது, மூடிய புகாருக்குப் பணம் என்ற முறை ஒழிய வேண்டும். அதே கோளாறு திரும்பி வந்தால் ஒப்பந்தக்காரருக்குத் தண்டம். காரணம் கண்டு தீர்த்த ஊழியருக்குப் பாராட்டு. அரசுக்கென்று நிரந்தர ஊழியராக, நல்ல சம்பளத்தில், பயிற்சி பெற்ற நம் இளைஞர்கள் மாவட்டந்தோறும் வேண்டும். ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் எஞ்சினியர்களைப் படிக்க வைக்கும் தமிழ்நாட்டிலே இதற்கா ஆள் பஞ்சம்?

ஐந்தாவது, எந்திரத்தின் சொல்லை மட்டும் சாட்சியாகக் கொண்டு கடை ஊழியர் எவரையும் தண்டிக்கக் கூடாது. எந்திரம் அன்று நல்ல நிலையில் இருந்தது என்பதை நிரூபிக்கும் கடமை அதை வைத்திருப்பவருடையது.

கழகத் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் ஊர்க் கடையிலே 'சர்வர் டவுன்' என்று சொன்னால், விற்பனையாளரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவரும் நம்மைப் போல் மாட்டிக்கொண்டவரே. நாளையும் நேரத்தையும் ஒரு தாளிலே குறியுங்கள். மாதம் முழுவதும் குறித்து, பத்துக் கடைகளின் தாள்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். எல்லாக் கடைகளும் ஒரே நேரத்திலே நின்றால் நோய் மேலே இருக்கிறது. ஒரே ஒரு கடை மட்டும் நின்றால் அந்தக் கடையின் இயந்திரத்திலோ, அலைவரிசையிலோ இருக்கிறது. ஜான் ஸ்நோ செய்தது இதைத்தான். அந்தத் தாளை வட்ட வழங்கல் அலுவலரிடம் கொடுத்துப் பதில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது, அதன்படி கேளுங்கள்.

ஏன் என்று கேட்கக் கற்றுக்கொடுத்த இயக்கம் இது. குலத்தைப் பற்றிக் கேட்டோம், கோவிலைப் பற்றிக் கேட்டோம், கோட்டையைப் பற்றிக் கேட்டோம். ஒரு தகரப் பெட்டியைப் பற்றிக் கேட்கவா தயங்குவோம்? சர்வருக்குக் கோபம் கிடையாது, சாபம் கிடையாது. காரணம் மட்டுமே உண்டு. அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லும் வரையில் நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.